சுவர் இல்லாத கேட்டில் தொங்கிய பூட்டு

அன்பு மகளுக்கும் மகனுக்கும் அப்பா எழுதுவது. மறக்க முடியாத அனுபவம் ஏதாவது உண்டா என்று போன வாரம் சாப்பிடும்போது கேட்டீர்கள். ஆட்டோவில் மைக் செட் கட்டி ஊரெல்லாம் பேசிப் பிழைக்கிற எனக்கு உங்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நடுவில் எங்காவது எழுத்தில் கோபம் தெரிந்தால், அது உங்கள் மேல் இல்லை. ஆறு வருஷம் ஆகியும் நினைத்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஆறில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கிற நம் ஊரில் நடந்தது இது. மகளே, நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. தம்பி அம்மா இடுப்பை விட்டு இறங்காத வயசு.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் உண்டு. நானும் அங்கேதான் எட்டு முடித்தேன், அதோடு என் படிப்பும் முடிந்தது. ஊருக்குள் தனியார் பள்ளி வேன் வர ஆரம்பித்ததிலிருந்து அங்கே பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பையும் எடுத்துவிட்டு, பிள்ளைகளைப் புவனகிரிக்கு அனுப்பிவிடலாம் என்று மேலே பேச்சு நடந்தது. கடலூரிலிருந்து ஒரு அதிகாரி நேரில் வந்து, எத்தனை பிள்ளைகள் உண்மையாகவே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு எழுதப் போகிறார் என்று பெரிய டீச்சர் சொன்னார்.

புவனகிரி என்றால் பஸ்ஸில்தான் போக வேண்டும். காலை நேரத்து பஸ் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். அந்தக் கூட்டத்தில் பத்துப் பதினொரு வயசுப் பெண்பிள்ளையை ஏற்றி அனுப்ப நம் தெருவில் யாருக்கும் மனசு வராது. உங்கள் அம்மா கேட்ட அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "அந்த பஸ்ல எம் பொண்ண ஏத்த மாட்டேன். படிச்ச வரைக்கும் போதும்." வேனில் அனுப்ப நமக்கு வசதி இல்லை. ஆக, மேல் வகுப்புகளை எடுத்துவிட்டால் உன் படிப்பு ஐந்தோடு சரி. எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில்தான் கண்டக்டர் மாமா ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கிறேன் என்றார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் கணீரென்று இருக்கும். யார் வீட்டு வாசலுக்குப் போனாலும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று சொல்லிக்கொண்டே நுழைவார். அவர் சொன்ன வாக்குறுதி எல்லாமே பள்ளிக்கூடத்தைச் சுற்றித்தான். ஊராட்சிப் பணத்தில் முதல் செலவு பள்ளிக்கூடத்துக்கு. பெண்பிள்ளைகளுக்குத் தண்ணீர் வருகிற கழிப்பறை. நான்கு பக்கமும் சுற்றுச்சுவர். வாத்தியார் இல்லாத வகுப்புக்கு ஊரிலேயே படித்த ஒரு பெண்ணைச் சம்பளம் கொடுத்து வைப்பது. மேல் வகுப்பை எடுக்கிறோம் என்று உத்தரவு வந்தால், திங்கட்கிழமை தோறும் கடலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்காருவது.

எனக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆட்டோவில் மைக் செட்டைக் கட்டிக்கொண்டு நானே அவருக்காகப் பேசுகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

முதல் எரிச்சல் தெருக்கூட்டத்திலேயே ஆரம்பித்தது. மாமா பேசி முடித்தால் எல்லோரும் கை தட்டுவார்கள். தட்டிவிட்டு, "அதெல்லாம் சரி மாமா, ஊருக்கு வளைவு கட்டித் தருவீங்களா?" என்பார்கள். எதிராக நின்ற செங்கல் சூளைக்காரர் ஊர் முகப்பில் பெரிய வளைவு கட்டித் தருகிறேன் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"வளைவுக்குள்ள நொழைஞ்சு எங்கடா போவீங்க? புள்ளைங்க படிக்க எடம் வேணாமா?" என்று மாமா கேட்டார்.

"வேணும் மாமா, யாரு வேணான்னா? பள்ளிக்கூடம் இருந்தாத்தான் ஊருக்கு அழகு," என்றார் உரக்கடைக்காரர்.

"ஒம் பையன் எங்க படிக்கிறான்?"

"அவன் வேன்ல போறான்."

"பெரியவன்?"

"அவனும் வேன்தான்."

"அப்ப அழகா இருக்கிற பள்ளிக்கூடத்துல யாருடா படிக்கிறது? நீயும் நானுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். உரக்கடைக்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். எனக்கு மைக்கைத் தூக்கி வாய்க்காலில் போடலாம் போல இருந்தது.

அடுத்தது சின்னம். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. வைத்திருக்கிற பொதுச் சின்னங்களில் ஒன்றைத்தான் கொடுப்பார்கள். மாமா ஏணி கேட்டார். படித்து மேலே ஏறுவதற்கு ஏணி என்று நான் பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். செங்கல் சூளைக்காரரும் அதே ஏணியைக் கேட்டார். குலுக்கிப் போட்டதில் ஏணி அவருக்குப் போய்விட்டது. மாமாவுக்கு வந்தது பூட்டு சாவி.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தைப் பூட்டக் கூடாது என்று நிற்கிறவருக்குப் பூட்டுச் சின்னம்.

மாமா அசரவில்லை. "ஏண்டா மூஞ்ச தொங்கப் போடற? பூட்டு மட்டுமா குடுத்தான், சாவியும் சேத்துத்தான குடுத்திருக்கான்," என்றார்.

சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. மைக்கில் பேசிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரிந்தது. "பள்ளிக்கூடத்தைப் பூட்ட விடமாட்டோம், பூட்டு சாவிக்கு வாக்களியுங்கள்" என்று நான் சொன்னால், குழாய் ஸ்பீக்கரில் காற்று பாதியைத் தின்றுவிட்டு "பள்ளிக்கூடம்", "பூட்டு" என்ற இரண்டை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தது. நடவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அக்கா ஆட்டோவை நிறுத்தி, "ஏம்பா, இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தையும் பூட்டப் போறீங்களா? ஒங்களுக்கு வேற வேலையே இல்லியா?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். "என்னமோ போ" என்று போய்விட்டார். ஏணிக்காரர்களுக்கு வசதியாகப் போயிற்று. நாங்கள் ஏற்றிவிடுகிறோம், அவர்கள் பூட்டிவிடுகிறார்கள் என்று பேச ஆரம்பித்தார்கள்.

இதோடு நின்றிருந்தால்கூட பரவாயில்லை. மாமாவின் மச்சான், அதாவது அத்தையின் தம்பி, சிதம்பரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். மனுஷனுக்கு மாமா மேல் உயிர். நான்கு நாளாகப் பட்டறையில் உட்கார்ந்து, தகரத்தில் ஆள் மார்பு அகலத்துக்கு ஒரு பூட்டு வெட்டி, வெள்ளி பெயிண்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாரிடமும் கேட்காமல் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்து கேட்டில் கட்டிவிட்டார். எதைக் காப்பாற்றப் போகிறோமோ அங்கேயே சின்னம் தொங்கினால்தான் ஜனங்களுக்குப் பளிச்சென்று புரியும் என்பது அவர் கணக்கு.

அந்த கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்குச் சுவர் கிடையாது. எப்போதோ வந்த பணத்தில் இரண்டு தூண் எழுப்பி நடுவில் கேட் மட்டும் போட்டிருந்தார்கள், சுவர் வரைக்கும் பணம் வரவில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஆடு மேயும், அந்தப் பக்கம் மாடு போகும். ஆனாலும் பிள்ளைகள் எல்லோரும் ஒழுங்காக கேட் வழியாகத்தான் போவார்கள்.

திங்கட்கிழமை காலை நான் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன வேகத்தில் பையோடு நீ திரும்பி வந்தாய்.

"அப்பா, ஸ்கூல பூட்டியாச்சு," என்றாய்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பெரிய பூட்டா போட்டிருக்குது. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க."

ஓடினேன். அங்கே பெரிய டீச்சர் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார், நான் வெளியே. நடுவில் தகரப் பூட்டு வெயிலில் மின்னிக்கொண்டு தொங்குகிறது. இரண்டு பக்கமும் திறந்த வெளி. அந்த நேரத்திலும் எனக்குச் சுற்றிப் போகத் தோன்றவில்லை, கேட் முன்னாலேயே நின்றேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? பள்ளிக்கூடத்தை மூடப் போகிறார்கள் என்று மாசக்கணக்கில் வீட்டில் பேசக் கேட்டவர்கள். பூட்டைப் பார்த்ததும் சரி, மூடிவிட்டார்கள் என்று திரும்பிவிட்டார்கள். பாதிப் பேருக்கு லீவு கிடைத்த சந்தோஷம் வேறு.

"இன்னைக்குத்தாங்க கடலூர்லேருந்து அதிகாரி வர்றாரு," என்றார் டீச்சர். "பதினோரு மணிக்குள்ள வந்துடுவாரு. புள்ளைங்க எங்கன்னு கேட்டா நான் எதக் காட்டுறது? இந்தப் பூட்டையா?"

கம்பியைப் பிரித்துப் பூட்டை இறக்கி, கட்டடத்துக்குப் பின்னால் போட்டுவிட்டு ஆட்டோவை எடுத்தேன்.

தெருத் தெருவாகக் கத்தினேன். பள்ளிக்கூடம் பூட்டவில்லை, திறந்துதான் இருக்கிறது, பிள்ளைகளை உடனே அனுப்புங்கள். கேட்டவர்கள் வாசலில் வந்து நின்று ஆட்டோவைப் பார்த்தார்கள். ஆட்டோவின் முன்னாலும் பின்னாலும் பூட்டுப் படம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பூட்டு. அதில் உட்கார்ந்துகொண்டு பூட்டவில்லை என்று ஒருவன் கத்துகிறான். யார் நம்புவார்கள்?

"மாமா நல்லா வேலை குடுக்கறாரு ஒனக்கு," என்று சிரித்தார் ஒருவர்.

"ஓட்டுக்கு இப்படி ஒரு டிராமாவா? காலைல பூட்டறது, அப்புறம் நீங்களே தொறக்கறது," என்றார் இன்னொருவர்.

உரக்கடைக்காரர் கல்லாவிலிருந்தே கேட்டார்: "என்ன மச்சான், எங்க வேனும் இன்னைக்கு ஓடாதா?"

பள்ளிக்கூடம் வேண்டும், வேண்டும் என்று கை தட்டிய ஊர். ஒருத்தர்கூட பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவில்லை. பையன்கள் வாய்க்காலில் மீன் பிடிக்கப் போய்விட்டார்கள். பெண்பிள்ளைகள் தம்பி தங்கைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். அம்மாக்கள் நடவுக்குப் போயாகிவிட்டது.

குளத்து முனையில் ஏணி ஆட்டோ எதிரே வந்தது. அதில் பேசியவர் நம் ஊர் ஆள் இல்லை. செங்கல் சூளைக்காரர் சிதம்பரத்திலிருந்து கூட்டி வந்திருந்தார். என் வயசுதான் இருக்கும், கழுத்தில் மப்ளர், நல்ல கனமான குரல். அதுவரை நானும் அவரும் பேசிக்கொண்டதில்லை. ஒருவர் தெருவில் ஒருவர் நுழைந்தால் சத்தத்தைக் கூட்டி வைப்போம், அவ்வளவுதான் பழக்கம்.

அவர் மைக்கை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, காலைலேயே இப்படிக் கத்துறீங்க? இன்னும் நாளு கெடக்குது, தொண்டை போயிடும்."

எரிச்சலில் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். பூட்டு, பிள்ளைகள், அதிகாரி, மேல் வகுப்பு, உன் படிப்பு எல்லாம். எதிராளியிடம் சொல்கிறோமே என்றுகூட நினைக்கவில்லை.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "எங்க பாப்பாவும் கவர்மெண்ட் ஸ்கூல்தாண்ணே," என்றார். பிறகு, "நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க. முன்னால போங்க, நான் வர்றேன்," என்று மைக்கைத் தட்டினார்.

அவர் பேசியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "ஏணிச் சின்னத்துக்காரன் பேசுறேன். பூட்டுக்காரர் சொல்றது நெசம். பள்ளிக்கூடம் தொறந்துதான் இருக்குது. இன்னைக்குப் புள்ளைங்க போகலைன்னா நாளைக்கு வகுப்பே இருக்காது. தேர்தல அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல புள்ளைங்கள அனுப்புங்க."

தெரு அப்படியே நின்றுவிட்டது. எதிராளிக்கு ஆதரவாக எவனும் பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்தார்களோ என்னவோ, நம்பினார்கள். முதலில் ஒரு அம்மா தன் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு இரண்டு பேர். யாரோ வாய்க்கால் பக்கம் போய்க் குரல் கொடுத்தார்கள். முன்னால் பூட்டு ஆட்டோ, பின்னால் ஏணி ஆட்டோ, நடுவில் பிள்ளைகள். ஊரே வேடிக்கை பார்த்தது. நீயும் அந்தக் கூட்டத்தில் நடந்தாய். நினைவிருக்கிறதா?

நடுவழியில் செங்கல் சூளைக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து மறித்தார்கள்.

"யோவ், ஒன்ன எதுக்குக் கூட்டியாந்தோம்? யாருக்குய்யா பேசுற நீ?"

"அஞ்சு நிமிஷம்ணே. புள்ளைங்கள வுட்டுட்டு வந்துடுறேன்," என்றார் அவர். சொல்லிவிட்டு நிற்காமல் ஓட்டினார். பிள்ளைகளோடு கேட் வரைக்கும் வந்துவிட்டுத்தான் திரும்பினார்.

அதிகாரி வந்தபோது வகுப்பில் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லோரும் இல்லை, ஆனால் போதுமான அளவுக்கு இருந்தார்கள். பலர் காலில் சேறு. ஒரு பையன் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி என்ன இது என்று கேட்டாராம். "விவசாய ஊரு சார்," என்று டீச்சர் சமாளித்தாராம். அவர் எழுதிக்கொண்டு போனார். மேல் வகுப்பை இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்று பிறகு தகவல் வந்தது. அந்த 'இப்போதைக்கு'தான் இன்று வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. மகளே, நீ எட்டு வரைக்கும் அங்கேயே படித்தாய். இப்போது பதினொன்றாவது படிக்க நீயே தைரியமாக பஸ் ஏறுகிறாய். தம்பி அதே பள்ளிக்கூடத்தில் நாலாவது படிக்கிறான்.

அன்று மத்தியானமே மப்ளர்காரரை வேலையிலிருந்து நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தெரிவதற்குள் அவர் போய்விட்டார். அடுத்த நாள் ஏணி ஆட்டோவில் வேறு குரல். பிறகு சிதம்பரத்துக்குக் கல்யாண வேலைக்குப் போகும்போதெல்லாம் மைக் செட் கடைகளில் விசாரித்தேன். பெயர் கேட்டு வைத்துக்கொள்ளாத என் புத்தியை என்ன சொல்ல? கனமான குரல், மப்ளர் போட்டிருப்பார் என்றால் யாருக்குத் தெரியும்?

தேர்தலில் மாமா தோற்றார். அன்று பிள்ளைகளை அனுப்பிய வீடுகளில்கூட பல ஓட்டு ஏணிக்குத்தான் போயிருந்தது. "மாமா தங்கமான மனுஷன். ஆனா பூட்டுல குத்த மனசு ஒப்பல," என்று என்னிடமே சொன்னார்கள். என்னிடமே. இதைக் கேட்டுக்கொண்டு நான் என்ன செய்ய? தோற்ற அன்று மாமா, "வண்டி நெறைய கூட்டம்டா. ஒருத்தனும் டிக்கெட் எடுக்கல," என்று சிரித்துவிட்டு, நெய்வேலியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு மாசம் ஊர்ப் பக்கமே வரவில்லை. மச்சான் இன்னும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

வளைவு வந்தது. பெரிதாக, பெயிண்ட் அடித்து, மேலே இரண்டு சிங்கம் வைத்து. கழிப்பறை வர இன்னும் மூன்று வருஷம் ஆனது.

தேர்தல் முடிந்த கொஞ்ச நாளில், வேட்பாளர்கள் சுவரில் எழுதியதையெல்லாம் அவரவரே அழிக்க வேண்டும் என்று ஊராட்சி ஆபீசில் சொன்னார்கள். மாமா ஊரில் இல்லை, கூட நின்றவர்கள் யாரும் வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் நானே சுண்ணாம்பைக் கரைத்து வாளியில் எடுத்துக்கொண்டு போனேன். எல்லா இடத்திலும் அழித்தேன். கடைசியாக பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த நீளச் சுவர். முதலில் பூட்டுப் படத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தேன். அடுத்து மாமாவின் பெயர். அடுத்து, வாக்களிப்பீர் என்ற வரி. மேலே ஒரே ஒரு வரிதான் மிச்சம் இருந்தது: நம்ம பள்ளிக்கூடம் நமக்கு வேணும். சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைத் தூக்கினேன். சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. இப்போதுதான் இது யாருடைய ஓட்டுக்காகவும் இல்லாமல் சுவரில் நிற்கிறது என்று தோன்றியது. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, மிச்சச் சுண்ணாம்பை வாய்க்காலில் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.